கண்ணாடி பெரியம்மா கையில் இருந்தது

போன வாரம் சித்தியை அடுக்களையில் விட்டுவிட்டு வந்தோம். பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றாமல் அவள் நின்றுகொண்டிருந்தாள். "ஞாயித்துக்கிழமை அக்கா வர்றாங்க. சுண்டுவைத் தன்கூட அழைச்சிட்டுப் போறேன்னு ஒத்தைக்கால்ல நிக்கிறாங்க. நேர்ல வந்து பார்த்துட்டு முடிவு சொல்வாங்க" என்று அவள் கணவர் அப்போதுதான் சொல்லி முடித்திருந்தார்.

பாலைப் பற்றிக் கவலை வேண்டாம், துடைத்தாகிவிட்டது. அதற்கப்புறம் வந்த நாட்களில் சித்தி துடைத்ததெல்லாம் கண்ணைத்தான். அதுவும் யாரும் பார்க்காதபோது.

கதைக்குள் இன்றைக்குத்தான் நுழைகிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். சுண்டுவுக்கு ஏழு வயது. அப்பாவின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டே நடை பழகியவள், அதனால் அந்தப் பெயர். அவளைப் பெற்றவள் மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். கடைசிவரை பக்கத்தில் இருந்தது அவளுடைய அக்கா. அந்த ஆஸ்பத்திரியிலேயே தலைமை நர்ஸ். சுண்டுவுக்குப் பெரியம்மா. சுண்டுவின் அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களில் அவரை 'லிஃப்ட்காரர்' என்றால்தான் தெரியும். நம்முடைய சித்தி அவருக்கு இரண்டாம் தாரமாக அந்த வீட்டுக்குள் வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. கண்ணாடிக் கடையில் வேலை, ஃபிரேமுக்குள் லென்ஸ் பொருத்துகிறவள். ஊர்க் கண்ணையெல்லாம் சரி பண்ணுகிறவளுக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே நிற்பது ஆளா அலமாரியா என்று தெரியாது. அவ்வளவு பவர்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பெரியம்மாவும் வந்தாள்.

டிராம்போலின் அரங்குக்குப் போகலாம் என்பது லிஃப்ட்காரரின் யோசனை. "வீட்டுல உட்கார்ந்து ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துட்டிருந்தா வம்புதான் வரும். குழந்தை குதிக்கட்டும், நாம பேசிக்கலாம்" என்றார். நல்ல யோசனைதான். அந்த இடத்தில் யாரும் யாருடனும் பேச முடியாது என்பது உள்ளே போன பிறகுதான் தெரிந்தது.

ஒரு காலத்தில் கிடங்காக இருந்த கட்டடம். வானத்தில் பாதியை மூடுகிற கூரை. அதற்குக் கீழே சுவரிலிருந்து சுவர்வரை தரையோடு தரையாகப் பதித்த டிராம்போலின்கள், குதித்தால் தூக்கிப் போடுகிற துணி மெத்தைகள், சதுரம் சதுரமாக. நடுவில் நடப்பதற்கு மஞ்சள் மெத்தை வரப்பு. பாட்டோ பாட்டு, நெஞ்சுக்கூடு அதிர்கிறது. குழந்தைகள் மேலே போவதும் கீழே வருவதுமாக இருந்தார்கள்.

ஒரு கீறல் விழக்கூடாது. ஒரு சொட்டு ரத்தம் வரக்கூடாது. முழங்கால் சிராய்த்தால்கூடப் போதும், 'பார்த்துக்கிற லட்சணம் இதுதானா' என்று கையோடு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். காலையிலிருந்து சித்தியின் மனசு இதைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது.

பெரியம்மா வந்ததுமே வேலையை ஆரம்பித்துவிட்டாள். சுண்டுவின் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். நகத்தைப் பார்த்தாள். நாக்கை நீட்டச் சொன்னாள். வார்டில் காலை ரவுண்டு போகிறவளுக்குக் குழந்தையைக் கொஞ்சவும் அந்த வழிதான் தெரிந்திருந்தது. ஒரு குறையும் கிடைக்கவில்லை. கிடைக்காதது அவளுக்கு ஆச்சரியமாக இருந்த மாதிரிதான் சித்திக்குப் பட்டது.

பெரியம்மாவின் கண்ணாடி மூக்கில் நிற்காமல் சரிந்துகொண்டே இருந்தது. ஒரு பக்கத்து மூக்குத் தாங்கி வளைந்திருந்தது. அதைப் பார்க்கப் பார்க்கச் சித்திக்குக் கை குறுகுறுத்தது.

"கழட்டிக் குடுங்கக்கா. ஒரு நிமிஷத்துல சரி பண்ணித் தர்றேன்."

"வேண்டாம். எனக்குப் பழகிப்போச்சு." பெரியம்மா கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டாள். "நீ உன் வேலையைப் பாரும்மா. இனிமே உனக்கு ஞாயித்துக்கிழமையாவது நிம்மதியாக் கிடைக்கும்."

சுருக்கென்றது. முகத்துக்கு நேரே சொல்கிறாள், பார்த்தீர்களா! முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். பார்ப்பதெல்லாம் வெறும் சாக்கு. சித்தி சுண்டுவின் பின்னலை இறுக்கிக் கட்டினாள். பெற்றவளின் அக்காவிடம் என்ன உரிமையில் மல்லுக்கு நிற்பது?

கவுண்டரில் குதிக்கப் போகிறவர்களுக்கு ஆளுக்கொரு ஆரஞ்சு நிறக் கைப்பட்டையும் ஆரஞ்சு சாக்ஸும் கொடுத்தார்கள். சாக்ஸின் அடியில் வழுக்காமலிருக்க வெள்ளை ரப்பர் புள்ளிகள். "அம்மை போட்ட மாதிரி இருக்கு" என்று சுண்டு உள்ளங்காலைத் தூக்கிக் காட்டினாள். சிறு பிள்ளைகளோடு பெரியவர் ஒருத்தர் கட்டாயம் மேலே இருக்க வேண்டும் என்றாள் கவுண்டர் பெண். அப்பாதான் குதிக்கிறார் என்று ஒரு வாரமாகப் பேச்சு. லிஃப்ட்காரர் ஒரு காலில் சாக்ஸை மாட்டியும்விட்டார். அப்போது போன் அடித்தது.

வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தார். "ஒரு பெரியவர் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாராம். ரெண்டு மாடிக்கு நடுவுல. போயே ஆகணும்."

"இன்னைக்கா?" என்றாள் சித்தி.

"லிஃப்ட் நாள் கிழமை பார்த்தா நிக்கும்? இப்ப வந்துடறேன்." பிறகு அவள் காதருகே குனிந்தார். "சுண்டுகிட்ட ஒண்ணும் வாயைத் திறக்காதே. அக்கா முடிவு சொன்னதும் நானே பதமாச் சொல்லிக்கிறேன்."

போகும்போது பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா லேசாகத் தலையசைத்தாள். அடடா, அக்காவிடம் எவ்வளவு பயம் இந்த மனுஷனுக்கு என்று சித்தி நினைத்துக்கொண்டாள். அவர் கழற்றிப் போட்ட சாக்ஸ் பெஞ்சில் கிடந்தது.

"அப்போ என்கூட யாரு குதிப்பா?" சுண்டுவின் உதடு பிதுங்கியது.

சித்தி அந்தச் சாக்ஸை எடுத்து மாட்டினாள். துப்பட்டாவை இடுப்பில் இழுத்துக் கட்டினாள். வரப்பில் கால் வைக்கும்போது விசில் சத்தம் கேட்டது. சிவப்புச் சட்டை போட்ட காவல்காரப் பெண் கையைக் குறுக்கே நீட்டினாள். விசில்காரி என்றே வைத்துக்கொள்வோம்.

"கண்ணாடி போட்டுட்டு ஏறக்கூடாதும்மா. உடைஞ்சா கண்ணுல குத்திடும். கழட்டிக் குடுத்துட்டு வாங்க."

கழற்றினாள். எங்கே வைப்பது? பெரியம்மா கையை நீட்டினாள். குழந்தையை அழைத்துப் போக வந்தவளின் கையிலேயே கண்ணையும் கொடுத்துவிட்டு மேலே ஏறினாள் சித்தி. உலகம் கரைந்துவிட்டது. கூரை ஒரு வெளுப்பு, மெத்தை ஒரு மஞ்சள், குழந்தைகள் எல்லாம் துள்ளுகிற ஆரஞ்சுப் பொட்டுகள்.

"கையை விடாதே சுண்டு."

"நீங்கதான் விடக்கூடாது" என்றாள் சுண்டு. அவளுக்கு ஒரே குஷி.

சும்மா சொல்லக்கூடாது, முதலில் நன்றாகத்தான் இருந்தது. இரண்டு பேரும் கை கோத்துக்கொண்டு எழும்பினார்கள். சித்திக்கு அடிவயிறு தொண்டைக்கு வந்து திரும்பியது. சுண்டு கெக்கெக்கே என்று சிரித்தாள். இந்தச் சிரிப்பு வருவதற்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று என்பது சித்திக்கு மட்டும்தான் தெரியும்.

"சித்தி, பெரியம்மா எனக்குக் கட்டில் வாங்கிட்டாங்களாம்."

சித்தியின் கால் தப்பான இடத்தில் விழுந்தது.

"எப்போ சொன்னாங்க?"

"இப்ப. சாக்ஸ் போடும்போது. ஜன்னல் பக்கமாம். இனிமே நான் அங்கதான் இருக்கப் போறேனாம்." சுண்டு குதிப்பதை நிறுத்திவிட்டாள். டிராம்போலின் மட்டும் இருவரையும் லேசாக ஆட்டிக்கொண்டிருந்தது. "நெசமா சித்தி?"

இல்லை என்று சொல்லத் தொண்டைவரை வந்துவிட்டது. 'விடமாட்டேன்டி தங்கம்' என்று கட்டிக்கொள்ளக் கை பரபரத்தது. ஆனால் லிஃப்ட்காரர் அவள் காதில் சொல்லிவிட்டுப் போனது குறுக்கே வந்து நின்றது. பெரியம்மா வேறு கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். நாளைக்கு, 'குழந்தை மனசைக் கலைத்தாள்' என்று பேச்சு வரும்.

"அப்பா வரட்டும், பேசிக்கலாம்."

"நீங்க சொல்லுங்க."

"அப்பா வரட்டும் கண்ணு."

சுண்டு அவளையே பார்த்திருக்க வேண்டும். சித்திக்கு அந்த முகம் சரியாகத் தெரியவில்லை, வெறும் வட்டமாகத்தான் தெரிந்தது. கைக்குள் இருந்த சின்னக் கை வழுக்கி வெளியே போயிற்று. ஓர் ஆரஞ்சுப் பொட்டு துள்ளித் துள்ளி வரப்பைத் தாண்டியது. மற்ற ஆரஞ்சுப் பொட்டுகளோடு கலந்தது.

"சுண்டு! நில்லு!"

பாட்டுச் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. பின்னாலேயே ஓடினாள். டிராம்போலின் மேல் ஓடிப் பார்த்திருக்கிறீர்களா? ஓட ஓட அது நம்மை மேலேதான் அனுப்பும், முன்னால் விடாது. விழுந்தாள், எழுந்தாள். அதோ, அதே உயரம், அதே பின்னல்! எட்டித் தோளைப் பிடித்துவிட்டாள்.

"யாரு நீங்க? என் பையனை எதுக்குப் பிடிக்கிறீங்க?" என்று ஓர் அம்மா கத்தினாள். பின்னல் என்று நினைத்தது சட்டையின் தொப்பி.

"மன்னிச்சுக்கோங்க... கண்ணாடி இல்லை... என் பொண்ணு..."

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எல்லாக் காலிலும் ஆரஞ்சு. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு சுண்டு குதிக்கிறாள், கிட்டே போனால் வேறு யாரோ. சுவரைப் பிடித்து, வலையைப் பிடித்து, தடுப்புக்கு வந்து சேர்ந்தாள்.

"அக்கா! சுண்டு உங்ககிட்ட வந்தாளா?"

"என்ன கேக்கிறே? உன்கூடத்தானே இருந்தா?"

"கையை உதறிட்டு ஓடிட்டாக்கா. நீங்க பார்க்கலையா?"

பெரியம்மாவின் குரல் உள்ளே போய்விட்டது. "பார்த்துட்டேதான் இருந்தேன். போன் வந்துச்சு. ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் திரும்பினேன்..."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்திக்குத்தான் கண் தெரிந்தது, ஆனால் கண்ணாடியைக் கேட்கவும் கொடுக்கவும் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. கட்டடத்துக்கு வெளியே வண்டிகள் நிற்கிற இடம். அதைத் தாண்டினால் பெரிய சாலை.

அதற்கப்புறம் பெரியம்மா என்ன செய்திருப்பாள் என்று அவள் வார்டில் வேலை பார்க்கிற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள். நேராகக் கவுண்டருக்குப் போனாள். "வாசலை மூடுங்க. குழந்தையைக் காணோம். பாட்டை நிறுத்துங்க" என்றாள். மேனேஜரைக் கேட்க வேண்டும் என்று அந்தப் பெண் இழுத்தாள். "மேனேஜர் வரட்டும். முதல்ல நிறுத்து!" ஒரே அதட்டல். பாட்டு நின்றது. "எல்லாரும் இருக்கிற இடத்துலயே உட்காருங்க!" அவ்வளவு பெரிய கூரைக்குக் கீழே குதித்துக்கொண்டிருந்த கூட்டம் பொத்தென்று உட்கார்ந்தது. சில பிள்ளைகள் அழ ஆரம்பித்தன.

"கைப்பட்டை கட்டின எந்தக் குழந்தையும் தனியா வெளியே போகலைம்மா" என்று கவுண்டர் பெண் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள். கழிப்பறையில் பார்த்தார்கள். சாப்பாட்டு மேஜைகளுக்கு அடியில் பார்த்தார்கள். இல்லை.

சித்தி அசையாமல் நின்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் இருக்கிற கொஞ்சப் பார்வையும் போய்விடும் என்று அடக்கினாள். சுண்டு பயந்தால் எங்கே போவாள்? யோசி. யோசி.

போர்வை!

அந்த வீட்டில் பீரோவுக்குப் பக்கத்தில் மெத்தையும் போர்வையும் அடுக்கி வைத்திருப்பார்கள். சித்தி அந்த வீட்டுக்கு வந்த முதல் நாளே சுண்டு அதற்குள் புகுந்துகொண்டுவிட்டாள். அப்பா காலைப் பிடித்து இழுத்தார். இழுக்க இழுக்க இன்னும் உள்ளே போனாள், போர்வையைக் கடித்துக்கொண்டு வீறிட்டாள். சித்திதான் அவரைப் போகச் சொன்னாள். தரையில் உட்கார்ந்து, குழந்தையிடம் பேசாமல் போர்வையிடம் பேசினாள். "போர்வையக்கா, இந்த வீட்டுல ஒரு பொண்ணு இருக்காமே? அவளுக்கு என்ன பிடிக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?" வெகுநேரம் கழித்து உள்ளேயிருந்து ஒரு குரல், "போர்வையக்காவுக்குத் தெரியாதாம்" என்றது. அன்றைக்கு ஆரம்பித்த பழக்கம். மனசு சரியில்லாவிட்டால் சுண்டு போர்வைக்குள் போவாள், சித்தி போர்வையைக் கூப்பிட்டு விசாரிப்பாள். வெளியே யாருக்கும் தெரியாது. அப்பாவுக்கே பாதிதான் தெரியும்.

இங்கே போர்வை எது?

"அக்கா, மூலையில ஏதோ குழி இருக்குன்னு கவுண்டர்ல சொன்னாங்களே..."

"பஞ்சுக் குழியா? அங்க பார்த்தாச்சு, யாரும் இல்லை" என்றாள் விசில்காரி.

"மேலதானே பார்த்தீங்க?"

பஞ்சுக் குழி என்பது ஒரு சின்னக் குளம் மாதிரி. தண்ணீருக்குப் பதில் செங்கல் செங்கலாக வெட்டிய நீல ஸ்பாஞ்சுத் துண்டுகள். உயரத்திலிருந்து குதித்து அதற்குள் விழுவார்கள். பெரிய ஆளே மார்புவரை புதைந்துவிடுவான். சித்தி வலையைத் தடவித் தடவி அங்கே போய்ச் சேர்ந்தாள். பெரியம்மா மூச்சிரைக்கப் பின்னாலேயே வந்தாள்.

"உள்ளே இருந்தா மூச்சு முட்டிடுமே! எல்லாத்தையும் அள்ளி வெளிய போடுங்க! நீ குதி, தேடு!"

"குதிக்காதீங்க! உள்ளே இருந்தா குழந்தை மேலேயே விழுந்துடுவீங்க" என்றாள் விசில்காரி. இரண்டு மூன்று பேர் கரையில் குந்தித் துண்டுகளை வாரி வீச ஆரம்பித்தார்கள். குழிக்குள் எங்கோ ஓர் அசைவு. ஸ்பாஞ்சு சரசரவென்று உள்வாங்கியது.

"நிறுத்துங்க!" இந்தக் குரல் தன்னிடம் இருப்பது சித்திக்கே தெரியாது. "யாரும் தொடாதீங்க. இழுத்தா இன்னும் அடியில போயிடுவா. எனக்குத் தெரியும்."

"விளையாடறியா? ஒவ்வொரு நிமிஷமும்..."

"அக்கா, கொஞ்சம் பொறுங்க. தயவுசெஞ்சு."

தலைமை நர்ஸை அப்படி யாரும் நிறுத்தியதில்லை போலிருக்கிறது. பெரியம்மா நின்றுவிட்டாள்.

சித்தி கரையில் உட்கார்ந்தாள். எதிரே ஒரே நீலக் குழம்பு. பின்னால் ஊர்ப்பட்ட சனம் வேடிக்கை பார்க்கிறது. வெட்கம் பிடுங்கித் தின்றது. தப்பாக இருந்தால்? சுண்டு இங்கே இல்லாமல், இந்த நேரத்துக்குச் சாலையில் நின்றுகொண்டிருந்தால்? காலம் எல்லாம் இதைச் சொல்லியே சாகடிப்பார்கள். சாகடிக்கட்டும்.

"பஞ்சண்ணே" என்று கூப்பிட்டாள்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். யாரோ அவர்களை அடக்கினார்கள்.

"பஞ்சண்ணே, உங்க வீட்டுக்கு ஒரு பொண்ணு வந்திருக்காளா? பின்னல் போட்டிருப்பா. மேல்வரிசையில ஒரு பல்லு ஆடிட்டிருக்கும்."

குழியின் விளிம்பில் இன்னும் குனிந்தாள்.

"கோபமா இருப்பா. கோபம் வர வேண்டியதுதான். என்கிட்ட ஒரு கேள்வி கேட்டா, நான் பதில் சொல்லலை." துப்பட்டா நுனியைக் கையில் சுற்றிக்கொண்டாள். "பதில் தெரியாம இல்லை பஞ்சண்ணே. சொல்றதுக்கு நான் யாருன்னு பயம். அவளைப் பெத்தவ நான் இல்லையே. ஆனா இப்ப சொல்லிடறேன், நீங்க அவகிட்ட சொல்லிடுங்க. நான் அவளை எங்கேயும் அனுப்ப மாட்டேன். அவ பெரியம்மா கூப்பிட்டாலும் சரி, அவ அப்பாவே வந்து சொன்னாலும் சரி. அவளுக்கா போகணும்னு ஆசை இருந்தா கொண்டுபோய் விட்டுட்டு வருவேன். விட்டுட்டு வந்து நடு வீட்டுல உட்கார்ந்து அழுவேன். இவ்வளவுதான் பதில்."

சித்தி நீலத்தையே வெறித்துக்கொண்டிருந்தாள். எதுவும் அசையவில்லை. இல்லை, அசைந்தும் அவளுக்குத் தெரியவில்லை.

"அதோ" என்றாள் பெரியம்மா. "அதோ... அந்த ஓரத்துல... கால்."

பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்து கண்ணாடியைச் சித்தியின் முகத்தில் மாட்டின. கோணலாக, ஒரு காது மடங்க. அவ்வளவு நேரமும் கைக்குள் பொத்தி வைத்திருந்ததில் லென்ஸ் பூராவும் வியர்வை. அந்தப் புகை மூட்டத்துக்குள் ஓர் ஆரஞ்சு சாக்ஸ் தெரிந்தது. அம்மை போட்ட மாதிரி வெள்ளைப் புள்ளிகள். அதற்குக் கொஞ்சம் தள்ளி இரண்டு துண்டுகள் விலகின. சிவந்துபோன ஒரு மூக்கு வெளியே வந்தது.

"பஞ்சண்ணன் கேக்கறாரு" என்றாள் சுண்டு விசும்பிக்கொண்டே. "நெசமாவான்னு."

"நெசம்தான்னு சொல்லு அவர்கிட்ட."

போன உயிர் திரும்பி வந்தது. சித்தி தவழ்ந்து இறங்கினாள். பாதி வழியில் புதைந்தாள். சுண்டு அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. விசில்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடமைக்கு ஒரு தரம் விசில் ஊதினாள். பாட்டு மறுபடியும் ஆரம்பித்தது.

பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். பெரியம்மா சுண்டுவின் நாடியைப் பார்த்தாள், முதுகில் காதை வைத்து மூச்சைக் கேட்டாள். ஒரு கீறல்கூட இல்லை. தண்ணீர் குடித்துவிட்டு வா என்று எதிரே தெரிகிற குழாய்க்கு அனுப்பினாள். சுண்டு நாலடிக்கு ஒரு தரம் திரும்பிச் சித்தியைப் பார்த்துக்கொண்டே போனாள்.

சித்தி கண்ணாடியைத் துடைத்து ஒழுங்காக மாட்டிக்கொண்டாள். இனி வருவது வரட்டும் என்று நிமிர்ந்தாள்.

"அக்கா, நான் பேசினது உங்களுக்குக் கோபமா இருக்கும். ஆனா வாபஸ் வாங்க மாட்டேன். நீங்க எவ்வளவு கேட்டாலும்..."

"நான் எங்கே கேட்டேன்?" என்றாள் பெரியம்மா.

"என்னக்கா?"

"நான் கேக்கவே இல்லையே. உன் வீட்டுக்காரர்தானே போன மாசம் போன் பண்ணினார்." பெரியம்மாவின் கண்ணாடி மூக்கு நுனிக்குச் சரிந்தது. அவள் அதைத் தள்ளவில்லை. "'அவளால சமாளிக்க முடியலைக்கா, ராத்திரியெல்லாம் அழறா, குழந்தையை நீங்களே வெச்சுக்குங்க'ன்னார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்ச நஞ்சம் இல்லை. பிள்ளை பாரமாப் போச்சா இவளுக்குன்னு... உன்னை நாலு வார்த்தை கேட்டுட்டுக் கூட்டிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்."

காலையிலிருந்து பெரியம்மா சொன்ன ஒவ்வொரு சொல்லும் வேறு முகத்தைக் காட்டிக்கொண்டு திரும்பி வந்தது. நிம்மதியாகக் கிடைக்கும் என்றது. நகத்தைப் பார்த்தது.

"நான் அப்படிச் சொன்னேனா? நானா அழறேன்? என்கிட்ட அவர், நீங்க ஒத்தைக்கால்ல நிக்கிறதா..."

"கட்டில் வாங்கச் சொன்னது அவர். ஜன்னல் பக்கம் போடுங்க, அவளுக்கு அதுதான் பிடிக்கும்னு சொன்னதும் அவர்." பெரியம்மா நிறுத்தினாள். "இப்ப போன் வந்துச்சுன்னு சொன்னேனே, அது யாருன்னு நினைக்கிறே? 'சுண்டு ஒத்துக்கிட்டாளா, அவ சித்தி ஒண்ணும் கலாட்டா பண்ணலையே'ன்னு கேட்டார்."

ஒரு பெரியவர் இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருக்க, லிஃப்ட்காரருக்குப் போன் பேச நேரம் இருந்திருக்கிறது.

"எதுக்குக்கா?" என்றாள் சித்தி. குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. "எதுக்கு அவர்..."

"அதை நான் உன்கிட்ட கேக்கலாம்னு இருந்தேன்."

வாசல் கதவு திறந்தது. லிஃப்ட்காரர் கையை ஆட்டிக்கொண்டே வந்தார். முகம் நிறையச் சிரிப்பு. சித்தி அவரைக் கூர்ந்து பார்த்தாள். அவர் சட்டைகளைத் துவைக்கிறவள் அவள்தான். லிஃப்ட் வேலைக்குப் போய் வந்தால் சட்டைக் கையில் கிரீஸ் இருக்கும், நக இடுக்கில் கறுப்பு இருக்கும், எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. இன்றைக்கு அந்தக் கையில் ஒரு பொட்டு அழுக்கு இல்லை. காலையில் இஸ்திரி போட்ட மடிப்புகூடக் கலையவில்லை.

"என்ன, எல்லாரும் நல்லாக் குதிச்சீங்களா?"

சுண்டு குழாயடியிலிருந்து பாய்ந்து வந்தாள். முகவாயெல்லாம் தண்ணீர். வழக்கம்போல அவருடைய சுண்டுவிரலைப் பிடித்து உலுக்கினாள்.

"அப்பா, நான் எங்கேயும் போகலை! சித்தி என்னை அனுப்பவே மாட்டாங்களாம். எல்லார் முன்னாலயும் சொல்லிட்டாங்க. பஞ்சண்ணன்கிட்ட!"

அவருடைய சிரிப்பு அப்படியே நின்றது. முகத்தில் ஈயாடவில்லை. மகளைப் பார்க்கவில்லை, மனைவியையும் பார்க்கவில்லை.

"அக்கா" என்றார் மெதுவாக. "அவகிட்ட சொல்லிட்டீங்களா?"

சித்தி எழுந்தாள். அவருடைய விரலிலிருந்து சுண்டுவின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அக்கா சொல்லிட்டாங்க" என்றாள். "இப்ப நீங்க சொல்லுங்க."